அவர் பார்த்துக்கொண்டிருந்த எண்

அந்த வாட்ச்சை என் மகள் வாங்கி அனுப்பியது எனக்காக அல்ல, அவள் அப்பாவுக்காக. என் வீட்டுக்காரருக்கு இதயத்தில் அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்குக் கூட்டி வந்திருந்த நேரம். மகள் பெங்களூரில் வேலையில் இருக்கிறாள். பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ள முடியவில்லையே என்று போனில் அழுதாள், அழுத கையோடு கூரியரில் இதை அனுப்பிவிட்டாள். வாட்ச்சின் அடிப்பக்கம் பச்சை வெளிச்சம் மினுக்மினுக்கென்று அடிக்கும். தோலோடு ஒட்டக் கட்டிக்கொண்டால் இதயம் நிமிஷத்துக்கு எத்தனை தடவை துடிக்கிறது என்பது எண்ணாக மேலே வரும்.

அவர் ஒரு வாரம்கூட அதைக் கட்டவில்லை. எண்பது என்று வந்தால் ஏன் இவ்வளவு என்பார். அறுபத்தைந்து என்று வந்தால் இறங்கிக்கொண்டே போகிறதே என்பார். சாப்பிடும்போதும் இடது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருப்பார். அடுத்த சோதனைக்குப் போனபோது டாக்டரே, "இதைக் கழற்றி வையுங்கள், இதைப் பார்த்தே உங்களுக்குப் படபடப்பு வந்துவிடும். நடங்கள், அது போதும். ஓடக் கூடாது, கனம் தூக்கக் கூடாது" என்றார். வருகிற வழியிலேயே ஆட்டோவில் கழற்றி என் மடியில் போட்டார். செல்லமாக என்னை அவர் சாமி என்றுதான் கூப்பிடுவார்.

"நீ கட்டிக்க சாமி. புள்ள ஆசையா வாங்குனது, சும்மா கெடக்க வேண்டாம்."

அவருடைய நோய்க்கு வாங்கிய பொருளை நல்ல உடம்போடு இருக்கிற நான் கட்டிக்கொண்டு திரிகிறேனே என்று முதல் நாளே எனக்கு உறுத்தியது. ஆனாலும் கட்டிக்கொண்டேன்.

நாங்கள் இருப்பது திருச்செங்கோட்டுக்கு வெளியே, சேலம் ரோட்டிலிருந்து உள்ளே பிரிகிற ஒரு தார்ச்சாலையில். டாக்டர் சொன்னபடி அவர் காலையில் நடப்பார், துணைக்கு நானும் போவேன். அவர் நடை நிதானமானது. என் காலுக்கு நிதானம் தெரியாது. கல்யாணமான புதிதிலிருந்தே "உனக்கு எங்க தீப்புடிச்சிருக்கு?" என்று கேட்பார். ரெண்டு மூன்று நாள் என்னைப் பார்த்துவிட்டு, "நீ முன்னால போ, நான் மெதுவா வாரேன்" என்றார். முன்னால் போனேன். கொஞ்ச நாளில் வேகமாகப் போனேன். ஒரு நாள் மக்காச்சோளக் காட்டுத் திருப்பத்தில், யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, ஓடியே போனேன்.

நாற்பத்தொன்பது வயதுப் பொம்பளை சுடிதார் போட்டுக்கொண்டு, மரவள்ளிக் குச்சிக்கிழங்குக் காட்டுக்கும் தறிக்கொட்டகைக்கும் நடுவே ஓடினால் ஊர் சும்மா இருக்குமா? "ஏனுங்கக்கா, பஸ்ஸ உட்டுட்டீங்களா?" என்று தறிக்கொட்டகைக்காரர் தினமும் கேட்பார். அவருக்குச் சொந்தமாக எட்டுத் தறி உண்டு, அதன் சத்தத்தையும் மீறிக் கேட்பார். நானும் "ஆமாங்க, சேலத்துல போய்ப் புடிச்சுக்கறேன்" என்று சொல்லிக்கொண்டே போவேன். எனக்கு வெட்கம் இல்லை. அந்த வேர்வையும் மூச்சிரைப்பும் எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

பொங்கலுக்கு வந்த மகள் இதைக் கண்டுபிடித்துவிட்டாள். வாட்ச்சோடு வந்த ஆப் போதாது என்று வேறு ஒரு கம்பெனியின் ஓட்ட ஆப்பை வாட்ச்சிலும் என் போனிலும் அவர் போனிலும் ஏற்றினாள். வாட்ச்சுக்குள்ளேயே தனி சிம் இருந்ததால் அதில் ஒரு வசதி உண்டு. ஓடுகிறவர் எங்கே போய்க்கொண்டிருக்கிறார், துடிப்பு எவ்வளவு என்பதை வீட்டில் இருக்கிறவர் தன் போனில் அப்போதைக்கப்போதே பார்க்கலாம். "அம்மா தனியா ஓடறாங்க. நீங்கதான் பாத்துக்கணும்ப்பா" என்று அவரிடம் பொறுப்பு ஒப்படைத்துவிட்டுப் போனாள். அவள் கெட்டிக்காரி. சும்மா உட்கார்ந்திருக்கிற மனுஷனுக்கு ஒரு வேலை வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

அவர் இருபது வருஷத்துக்கு மேல் ரிக் வண்டி வைத்திருந்தவர். துளை போடுகிற வண்டி ஒன்று, அதற்குக் காற்றுக் கொடுக்கிற கம்ப்ரஸர் வண்டி ஒன்று. ரெண்டையும் ஓட்டிக்கொண்டு மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் என்று மாதக்கணக்கில் போர்வெல் போடப் போய்விடுவார். நான் சாயந்தரமானால் போன் போட்டு "எத்தன அடிங்க?" என்று கேட்பேன். அவர் அடியைச் சொல்வார், தண்ணி வந்ததா இல்லையா என்று சொல்வார், வைத்துவிடுவார். எங்கள் குடும்பப் பேச்சில் பாதி அதுதான். அறுவை சிகிச்சைக்குப் பிறகு வண்டிகளைப் பங்காளியிடம் விட்டுவிட்டார். இப்போது அவர் முற்றத்தில் நாற்காலி போட்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு, போனில் என் துடிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பார்ப்பதோடு விட்டால் பரவாயில்லை. வழியில் இருக்கிற ஏரி மேட்டில் ஏறும்போது போன் அடிக்கும். "நூத்தி அம்பதத் தாண்டிருச்சு. மெதுவா சாமி." யாரிடமாவது நின்று ரெண்டு வார்த்தை பேசினால் அதற்கும் அடிக்கும். "எறங்கிருச்சே, என்ன, மயக்கமா?" வீட்டுக்கு வந்ததும் எந்த இடத்தில் எவ்வளவு போனது என்று எனக்கே விளக்கம் சொல்வார். சந்தேகத்தில் பார்க்கிறவரென்றால் சண்டை போட்டுவிடலாம். இவர் பயத்தில் பார்க்கிறார், பாசத்தில் பார்க்கிறார். இதோடு யார் சண்டை போடுவது?

எனக்கு எரிச்சல் வந்தது. எரிச்சல் வந்ததே என்று மனசு குறுகுறுத்தது. பத்தியம் இருக்கிறவர் முன்னால் இலை போட்டு விருந்து சாப்பிடுகிற மாதிரி, ஓட முடியாத மனுஷன் கண் முன்னால் என் ஓட்டத்தைக் காட்டிக்கொண்டிருந்தேன். அவரோ, "இன்னும் கொஞ்சம் போட்டுக்க" என்று பரிமாறிக்கொண்டிருந்தார். இன்னொன்றும் உண்டு, அதை மகளிடம்கூடச் சொன்னதில்லை. ஓடுகிற அந்த அரைமணி நேரம் வீட்டில் ஒரு நோயாளி இருக்கிறார் என்பது எனக்கு மறந்துபோகும். மாத்திரை, உப்பில்லாக் குழம்பு, ராத்திரி அவர் இருமினால் எழுந்து உட்காருவது எல்லாம் மறந்துபோகும். அந்தச் சந்தோஷம் எண்ணில் தெரிந்துவிடுமோ என்று எனக்கு ஒரு பயம். தெரியாது என்று புத்திக்குத் தெரியும், ஆனாலும் பயம்.

ஆடி பிறப்பதற்கு முன்னால் ஒரு காலையில் அந்த ஆப் தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டு, வாட்ச்சில் ஒரு கேள்வி கேட்டது. இதயத்துடிப்பைப் படிக்க எனக்கு அனுமதி தருகிறாயா என்று. கீழே ஆமாம், இல்லை என்று ரெண்டு பட்டன். ரோட்டில் நின்றுகொண்டு அதைப் பார்த்தேன். விரல் இல்லை என்ற பக்கம் போனது. தவறுதலாகப் பட்டுவிட்டது என்று நான் சொல்லமாட்டேன்.

அன்றைக்கு ஓடிய மாதிரி நான் அதற்கு முன்னால் ஓடியதே இல்லை. ஏரி மேட்டில் ஒரே மூச்சில் ஏறினேன். போன் அடிக்கவில்லை. வாட்ச்சில் எண் வந்துகொண்டுதான் இருந்தது, ஆனால் அது எனக்கு மட்டும்தான். மேட்டின் மேல் நின்று வாய்விட்டுச் சிரித்தேன்.

வீட்டு வாசலில் அவர் முகம் வெளுத்து நின்றுகொண்டிருந்தார்.

"என்ன சாமி, நம்பரே வரல? நீ எங்க போறீங்கறது தெரியுது, துடிப்புக்கு எடத்துல ரெண்டு கோடுதான் இருக்குது."

"ஆப்பு புதுசா மாறியிருக்குதுங்க. அதுல ஏதோ கோளாறு" என்றேன். பொய் சொல்லக் கொஞ்சம் தடுமாறுவேன் என்று நினைத்திருந்தேன். சரளமாக வந்தது.

அன்றைக்கே அவர் அதைச் சரிசெய்ய உட்கார்ந்துவிட்டார். மருந்துக்கடைக்குப் போய்ப் பஞ்சும் ஸ்பிரிட்டும் வாங்கி வந்து, வாட்ச்சின் அடியில் பச்சை வெளிச்சம் வருகிற கண்ணாடியைத் துடைத்தார். மறுநாளும் கோடுதான். வார் தொளதொளவென்று இருப்பதால் வெளிச்சம் தோலில் படவில்லை என்று ஆணியைக் காய்ச்சி வாரில் புது ஓட்டை போட்டார். அதற்கும் மறுநாள் கோடுதான். போனை அணைத்து அணைத்துப் போட்டார். நான் ஓடிவிட்டு வந்ததும் வாட்ச்சைக் கழற்றித் தரச் சொல்லி, திருப்பித் திருப்பிப் பார்ப்பார்.

"வாட்ச்சுல வருது, ஆப்புல வரல. எனக்கு வந்த மாதிரி நடுவுல எங்கியோ அடைப்பு" என்று சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்குக் கூசுகிறது.

மகளுக்குப் போன் போட்டுக் கேட்டார். போனை ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் அவள் சொன்னது எனக்கும் கேட்டது. "அனுமதி எல்லாம் குடுத்திருக்காங்களான்னு அம்மாகிட்டக் கேளுங்கப்பா. பெரும்பாலும் அதுதான் பிரச்சனையா இருக்கும்." அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன்.

"எல்லாம் குடுத்துத்தானுங்க இருக்குது."

"அம்மா பாத்துட்டா கண்ணு. அதெல்லாம் சரியாத்தான் இருக்குது. வேற என்னன்னு பாரு" என்றார் போனில். ஒரு தடவை வாட்ச்சை வாங்கி உள்ளே போய்ப் பார்த்திருந்தால் அவருக்கே தெரிந்திருக்கும். நான் சொன்ன பிறகு பார்க்க வேண்டிய அவசியம் இல்லை என்று விட்டுவிட்டார். முதல் பொய்யைக்கூட ஏதோ ஒரு வேகத்தில் சொன்னது என்று நான் தள்ளிவிடுவேன். இதைத் தள்ள முடியவில்லை.

தினமும் நினைப்பேன், இன்றைக்கு ஓடி முடித்ததும் ஆமாம் என்று மாற்றிவிட்டு, "தானாச் சரியாயிருச்சுங்க" என்று சொல்லிவிடலாம் என்று. ஒரு நிமிஷ வேலை அது. ஆனால் ஓடிப் பார்த்தால், நாளைக்கு ஒரு நாள் இப்படி ஓடிக்கொள்ளலாமே என்று தோன்றும். இப்படியே ஆடி போய் ஆவணி வந்தது.

ஆவணியில் ஆத்தூரில் என் மாமன் வீட்டுக் கல்யாணம். அவ்வளவு தூரம் பஸ்ஸில் அவரைக் கூட்டிப் போக முடியாது, நான் மட்டும் போவதாக இருந்தது. முந்தின நாள் சாயந்தரம் பட்டுப்புடவையை மடித்துக்கொண்டிருந்தேன். அவர் வாட்ச்சைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார்.

"இஞ்சின் சும்மா ஓடறப்ப கோளாறு தெரியாது. லோடு குடுத்து, பக்கத்துலயே நின்னு பாத்தாத்தான் தெரியும். கம்ப்ரஸர எத்தன தடவ அப்படித்தான் கண்டுபுடிச்சிருக்கறோம்."

நான் "உம்" என்றேன். புடவைக்கு எந்த ரவிக்கை என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

பட்டுக்கும் வளையலுக்கும் பொருந்தாது என்று வாட்ச்சை வீட்டிலேயே சார்ஜில் போட்டுவிட்டு, விடியக்காலைப் பஸ்ஸில் கிளம்பினேன். தாலி கட்டி முடிந்து பந்தியில் உட்கார்ந்த நேரத்தில் போன் வந்தது. தறிக்கொட்டகைக்காரர்.

"அக்கா, பதறாதீங்க. அண்ணன் ரோட்டோரமா உக்காந்துட்டாருங்க. நெஞ்சு படபடன்னு வருதுங்கறாரு. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிட்டிருக்கறோம்."

"நடக்கப் போனாருங்களா?"

"இல்லீங்கக்கா, ஓடுனாருங்க. உங்க வாட்ச்ச கையில கட்டிக்கிட்டு, போன ஒரு கையில புடிச்சுப் பாத்துக்கிட்டே ஓடுனாரு. நான்கூட, என்ன அண்ணனும் பஸ்ஸ உட்டுட்டாரான்னு சிரிச்சேன்."

பந்தியில் என் இலைக்கு அப்போதுதான் தண்ணீர் தெளித்திருந்தார்கள். "சாப்டுட்டுப் போம்மா, கார் ஏற்பாடு பண்றேன்" என்று மாமா சொன்னார். கார்கள் எல்லாம் பொண்ணு வீட்டாரைக் கொண்டுவிடப் போயிருந்தன. நான் காத்திருக்கவில்லை. செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன்.

பஸ்ஸில் உட்கார்ந்ததும் முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. ஓடக் கூடாது என்று டாக்டர் சொன்னாரா இல்லையா, இந்த மனுஷனை யார் ஓடச் சொன்னது என்று. மூன்று ஊர் தாண்டுவதற்குள் அந்தக் கோபம் நிற்க இடமில்லாமல் போய்விட்டது. கோளாறு இருந்தால்தானே லோடு கொடுத்தால் தெரியும்? இல்லாத கோளாறுக்கு அவர் தன் நெஞ்சையே லோடாகக் கொடுத்திருக்கிறார். யார் ஓடச் சொன்னது என்றால், நான்தான் சொல்லியிருக்கிறேன்.

வாழப்பாடியில் பஸ் நின்றது. காய்கறிக் கூடைகளை ஏற்றினார்கள். ஒரு கூடை ஏறி, அதற்கு இடம் பண்ணி, அடுத்த கூடை ஏறியது. கண்டக்டரிடம் கத்த வேண்டும் போல இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்த அம்மா என் புடவையைப் பார்த்துவிட்டு, "கல்யாணத்துக்கா?" என்று கேட்டாள். ஆமாம் என்று தலையாட்டினேன். சாமி கும்பிடலாம் என்றால் வாய் வரவில்லை. என்ன சொல்லிக் கும்பிடுவது? அவரைக் காப்பாற்று என்று கேட்டால், அவருக்கு என்ன ஆனது என்ற கேள்வி வரும். அதற்கு நான் பதில் சொல்ல வேண்டும்.

சேலத்தில் பஸ் மாறும்போது மறுபடி போன் வந்தது. இசிஜி எடுத்தாயிற்று, பயப்படும்படி ஒன்றும் இல்லை, டாக்டர் நன்றாகத் திட்டிவிட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார் என்றார் தறிக்கொட்டகைக்காரர். பஸ் ஸ்டாண்டில் அத்தனை கூட்டத்துக்கு நடுவே பட்டுப்புடவையோடு தரையில் உட்கார்ந்துவிட்டேன். யாரோ தண்ணீர் கொடுத்தார்கள்.

வீட்டுக்குள் நுழைந்தபோது கட்டிலில் படுத்திருந்தார். வாட்ச் இன்னும் அவர் கையில் இருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார்.

"பந்தியில உக்காந்தியா இல்லியா? அந்தத் தறிக்காரன் எதுக்கு உனக்குப் போன் போட்டான்?" என்றார். பிறகு, ஏதோ நல்ல செய்தி மாதிரி, "லோடு குடுத்துப் பாத்துட்டேன் சாமி. அப்பவும் கோடுதான். வாட்ச்சுல நம்பர் வருது, போனுக்கு அனுப்பறதுதான் போச்சு. புள்ளகிட்டச் சொல்லி வேற வாங்கிக்கலாம். அதுவரைக்கும் நீ அந்த ஏரிப்பக்கம் தனியாப் போகாத. உனக்கு ஒண்ணுன்னா எனக்கு இங்க எப்படித் தெரியும்?"

நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவர் கையிலிருந்து வாட்ச்சைக் கழற்றினேன். அவரே போட்ட புது ஓட்டையில் மாட்டியிருந்ததால் வார் அழுந்தி, மணிக்கட்டில் சிவப்பாகத் தடம் இருந்தது. வாட்ச்சை என் கையில் கட்டிக்கொண்டு, அவர் பார்க்கும்படி வைத்து, உள்ளே போய் அந்த அனுமதியைத் திறந்தேன். இல்லை என்று இருந்ததை ஆமாம் என்று மாற்றினேன். ஆப்பை ஓட விட்டு, தலையணைக்குப் பக்கத்தில் கிடந்த அவர் போனை எடுத்துக் கொடுத்தேன். கோடு போய் எண் வந்தது. நூற்றுப் பன்னிரண்டு. உட்கார்ந்த இடத்தில் என் துடிப்பு அவ்வளவு இருந்தது.

"இது நான் நிறுத்தி வெச்சதுங்க."

அவர் போனைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"எப்ப?"

"அன்னிக்கே. மொத நாளே."

"அப்ப நான் பஞ்சு வெச்சுத் தொடச்சதெல்லாம்?"

அழுகை வந்தது. நான் அழுது அவரைச் சமாதானம் சொல்ல வைக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"நீங்க பாத்துட்டே இருக்கறது எனக்கு... ஓடறப்பவாச்சும் நான் மட்டும் இருக்கணும்னு இருந்துச்சுங்க" என்றேன். சொல்லிக் கேட்டபோது எவ்வளவு சின்னக் காரணமாக இருந்தது அது.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துண்டில் துடைத்தார். அப்புறம் சொன்னார்:

"சொல்லியிருந்தா நான் பாக்காம இருந்திருப்பனே."

மறுநாள் காலையில் அவர் போனில் அந்த ஆப் இல்லை. எங்கே என்று கேட்டதற்கு, "எடத்த அடைச்சுக்கிட்டு இருந்துச்சு, எடுத்துட்டேன்" என்றார். மகளிடமும் நடந்ததைச் சொல்லவில்லை. நடக்கப் போனேன், தலை சுற்றியது என்று அவராகவே ஒன்றைச் சொல்லி முடித்துவிட்டார். எனக்காக அவர் சொன்ன பொய் அது. நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

இப்போதும் நான் ஓடுகிறேன். கொஞ்ச நாள் நிறுத்தியிருந்தேன். அவர்தான் "ஏன் போகல, போ" என்று அனுப்பினார். அனுமதி ஆமாம் என்றுதான் இருக்கிறது. துடிப்பு ஒவ்வொன்றும் ஆப்புக்குப் போகிறது, அங்கிருந்து பார்க்க யாரும் இல்லை. ஏரி மேட்டில் போன் அடிப்பதில்லை. நான் கேட்டது இதைத்தான். கிடைத்த பிறகு அந்த மேட்டில் என்னால் பழைய வேகத்தில் ஏற முடியவில்லை. பாதியிலேயே நடந்துவிடுகிறேன்.

போன வாரம் ஓடிவிட்டு வந்தபோது அவர் முற்றத்தில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். நான் ஷூவைக் கழற்றியபடியே, யதார்த்தமாகச் சொல்வதுபோலச் சொன்னேன்.

"இன்னிக்கு நூத்தி நாப்பத்தஞ்சு வரைக்கும் போச்சுங்க."

அவர் தலை நிமிராமல் சொன்னார்.

"நான் கேக்கலியே சாமி."

குரலில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன்.